கயிற்றுக்கு உள்ளே

தொழிற்சாலையில் அவரைக் கயிறு என்றுதான் கூப்பிடுவார்கள். அடையாள அட்டையில் வேறொரு பெயர் இருந்தது. முப்பத்தோரு வருடத்தில் வாசல் காவலாளிகூட அதைப் படித்ததில்லை.

கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் போட்ட வெல்டிங் உள்ளே சரியாக இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது அவர் வேலை. ஆஸ்பத்திரியில் எலும்பை எடுக்கிற மாதிரி இங்கே இரும்பை எடுக்க வேண்டும். அதற்கு மிளகளவு உலோகத் துண்டு ஒன்று உண்டு. சோர்ஸ் என்பார்கள். ஓயாமல் கதிர் வீசுவது அதன் குணம். கனமான பெட்டிக்குள் இருக்கும்வரை தொந்தரவில்லை. தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால், கம்பியின் நுனியில் தொற்றிக்கொண்டு குழல் வழியாக வெளியே போய் வெல்டிங் மேல் நிற்கும். மறுபக்கம் பிலிம். நாலு நிமிடம் கழித்து எதிர்ப்பக்கம் சுற்றினால் மறுபடி பெட்டிக்குள் போய்விடும். அந்த நாலு நிமிடமும் சுற்றிலும் மஞ்சள் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்குள் ஈ காக்காய் இருக்கக் கூடாது.

மற்றவர்கள் முப்பது தப்படியில் கயிறு கட்டினால் இவர் அறுபதில் கட்டுவார். கேண்டீன் வாசல் கயிற்றுக்குள் மாட்டிக்கொள்ளும்.

“இந்தாளு ஒரு படம் எடுத்தா பாதி பாக்டரி பட்டினி,” என்று கேண்டீன்காரர் திட்டுவார். இவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆரம்பத்தில் அவரும் முப்பதில்தான் கட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், பதினோராவது படம் எடுத்து முடித்துக் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினார். சுற்று நின்றது. நின்றால் சோர்ஸ் பெட்டிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்குப் பத்து முறை அப்படித்தான் நின்றிருந்தது. கதிர் இருக்கிறதா என்று காட்டும் மீட்டர் காலடியில் கிடந்தது. குனிந்து பார்க்காமலே, “உள்ள போயிடுச்சு,” என்று குரல் கொடுத்தார். கூட வேலை செய்த கூட்டாளி கயிற்றைத் தாண்டிப் போய்க் குழலின் நுனியைக் கையால் பிடித்து அடுத்த மூட்டுக்கு நகர்த்தினான்.

கம்பியின் கொக்கி விட்டுப்போயிருந்தது. சோர்ஸ் குழல் நுனியிலேயே கிடந்தது.

அன்றைக்குக் கூட்டாளிக்கு ஒன்றுமில்லை. சூடு இல்லை, வலி இல்லை. பன்னிரண்டாம் நாள் விரல்கள் செங்கல் நிறத்துக்கு வந்தன. பிறகு கறுத்தன. தோல் நனைந்த காகிதம் போல வழன்று வந்தது. மூன்று மாதத்தில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். விசாரணையில் கொக்கி தேய்ந்திருந்தது என்று எழுதினார்கள். மீட்டரைப் பார்க்காமல் சொன்னேன் என்று இவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கூட்டாளி வேலைக்குத் திரும்பியதும் தனக்குத் தானே எட்டு என்று பெயர் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு இவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். சோர்ஸை உள்ளே இழுத்தவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, “உள்ள போயிடுச்சு,” என்று சொல்ல வேண்டும். இன்னொருவர் தன் கையிலிருக்கும் மீட்டரைத் தானே பார்த்து, “பார்த்தாச்சு,” என்று பதில் சொல்ல வேண்டும். இரண்டு குரலும் கேட்ட பிறகே கயிற்றை அவிழ்க்கலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் புத்தகத்தை மறந்தாலும் அதை மறக்கவில்லை.

ஐம்பத்தெட்டாவது வயதில் அவர் குரல் கம்மியது.

“கயித்துக்குப் பக்கத்துல நின்னு கத்திக் கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கிட்டீங்க,” என்றார் மனைவி. “வீட்டுல ஒரு வார்த்தை பேசச் சொன்னா வாயில பூட்டு.”

இரண்டு மாதம் வெந்நீரில் கொப்பளித்தார். பிறகு கழுத்தில் ஒரு நெறி கட்டியது. அது கரையவில்லை. மகள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். குடிநீர் நிலையத்தில் அளவுமானிகளைச் சோதித்துச் சரிசெய்வது அவள் வேலை. ஒரு முள் ஒரு கோடு தள்ளி நின்றாலும் அவளால் சும்மா இருக்க முடியாது.

குரல்வளையில் புற்று. டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். குரல்வளையை அறுத்து எடுக்கலாம். அல்லது கதிர் சிகிச்சை கொடுக்கலாம். முப்பத்தைந்து நாள், வாரத்துக்கு ஐந்து, கூடவே திங்கட்கிழமைகளில் நரம்பில் மருந்து.

“ரெண்டாவதுல குரல் மிஞ்ச வாய்ப்பு இருக்கு,” என்றார். “உயிருக்கும் நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா முப்பத்தஞ்சும் விடாம முடிக்கணும். நடுவுல விட்டா நான் சொன்ன வாய்ப்பு அப்படியே நிக்காது.”

“குரல் வேணும்,” என்றார் கயிறு.

முப்பத்தைந்து என்றதைக் காதில் வாங்கினார். கதிர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண் அந்த அறையின் கதவு எத்தனை தப்படியில் இருக்கிறது என்று அளந்தது.

முதலில் முகமூடி செய்தார்கள். துளைத்துளையான வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் ஊறவைத்து, தளர்ந்ததும் முகத்தின் மேல் போட்டு நெற்றியிலிருந்து தோள் வரை இழுத்து அழுத்தினார்கள். சில நிமிடத்தில் இறுகி அவர் முகமாகவே ஆகிவிட்டது. மூக்கு, உதடு, கண்குழி எல்லாம் அச்சாக. சிகிச்சையின்போது தலை இம்மியும் அசையக் கூடாது, அதற்காக அதை மேசையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். கதிர் விழ வேண்டிய இடத்துக்கான கோடுகளை அதன் மேலேயே வரைந்தார்கள். அது அவருக்குப் பழக்கம். குழாயில் அவரும் சாக்கட்டியால் அப்படித்தான் கோடு போடுவார்.

முதல் நாள் மெஷின் ஓட்டும் பெண் முகமூடியைப் பூட்டிவிட்டு, அவர் கையில் ஒரு ரப்பர் உருண்டையைக் கொடுத்தாள்.

“ஏதாவது ஒண்ணுன்னா இதை அமுக்குங்க ஐயா. நாங்க கேமராவுல பார்த்துக்கிட்டே இருப்போம். பத்து நிமிஷம்தான்.”

“நீங்க எங்க போறீங்க?” என்று பல்லைக் கடித்தபடி கேட்டார். முகமூடிக்குள் தாடை அசையாது.

“வெளியதான்.”

தெரிந்த கேள்வி. தெரிந்த பதில். அவரே எத்தனை பேரை வெளியே போகச் சொல்லியிருக்கிறார். காலடிச் சத்தங்கள் தூரமாகப் போயின. ஒரு ஆள் தடிமன் இருக்கும் கதவு நகர்ந்து மூடியது. எச்சரிக்கை மணி விட்டுவிட்டு ஒலித்தது. முப்பத்தோரு வருடமாக அந்த மாதிரி ஒலி கேட்டால் அவர் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. திரும்பு, நட. கால்கள் இரண்டும் மேசையை விட்டு எழும்பின. தலை எழும்ப முடியவில்லை. மூச்சு நின்றது போலிருந்தது. உருண்டையை அமுக்கினார்.

மெஷின் ஓட்டும் பெண் ஓடி வந்தாள். “என்ன ஆச்சு ஐயா? ஆரம்பிக்கவே இல்லையே இன்னும்.”

முகமூடியைக் கழற்றியதும் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

“ஒண்ணுமில்லம்மா. பழக்கதோஷம்.”

அன்றே மறுபடி முகமூடியைப் பூட்டியபோது கால்களைப் பட்டையால் கட்டினார்கள். அவர் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே கிடந்தார். மெஷின் அவரைச் சுற்றி முனகியபடி நகர்ந்தது. கதிருக்குச் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. எப்போது வந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. கதவு திறந்தது, முடிந்தது என்றார்கள்.

வீட்டில் மனைவி சமையலறை நாள்காட்டியில் ஒரு கோடு போட்டார். “முப்பத்தஞ்சுல ஒண்ணு போச்சு.”

எதிர்வீட்டுக்காரர் மாடிப்படியில் இவரைக் கண்டதும் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூன்று படி பின்வாங்கினார். “தப்பா நினைக்காதீங்க. கதிர் ஒட்டிக்கும்னு சொல்றாங்க.”

“பல்பை அணைச்ச அப்புறம் வெளிச்சம் சுவத்துல ஒட்டிக்கிட்டா இருக்கு?” என்றார் கயிறு. “அப்படித்தான் இதுவும். குழந்தையைக் கீழ விடுங்க, கை வலிக்கும்.”

அடுத்தவருக்குச் சொல்லும்போது எல்லாம் தெளிவாக இருந்தது.

இரண்டாவது வாரம், முகமூடியைப் பூட்டும் நேரத்தில் சும்மா கேட்பது போல ஒரு கேள்வி கேட்டார். “ஒரு தடவைக்குக் கதிர் எவ்வளவும்மா?”

“ரெண்டு கிரே ஐயா.”

திரும்பும் பேருந்தில், ஆஸ்பத்திரி கொடுத்த அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டார். அவர் தொழிலில் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு இருபது மில்லிசீவர்ட் கதிர் அனுமதி; பேச்சில் மில்லி. சட்டையில் குத்தியிருக்கும், கதிரை அளக்கும் பேட்ஜில் அது ஏறிப்போனால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கொஞ்ச காலம் ஸ்டோரில் நட்டு போல்ட் எண்ண வேண்டும். இரண்டு கிரே என்றால் அவர் தொழில் கணக்கில் இரண்டாயிரம் மில்லி. இருபதால் வகுத்தார். நூறு. நூறு வருடத்துக்கு ஒரு மனிதன் வாங்கலாம் என்று அனுமதித்ததை அவர் ஒரே காலையில் வாங்கிக்கொண்டிருந்தார். அதை முப்பத்தைந்தால் பெருக்கினார். எழுதியதை மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார்.

மூன்று முறை சரிபார்த்தார். கணக்கில் தப்பில்லை.

நான்காவது வாரம் திங்கட்கிழமை, பதினாறாவது முறை முடிந்து வீட்டுக்கு வந்தார். குளியலறைக் கண்ணாடியில் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் செங்கல் நிறம்.

அந்த நிறம் அவருக்குத் தெரியும். அதற்கு அடுத்து வரும் நிறமும் தெரியும்.

“என்னங்க, தண்ணி விழுற சத்தமே காணோம். உள்ள என்ன தியானமா?” என்று கதவைத் தட்டினார் மனைவி.

“வரேன்,” என்றார். குழாயைத் திறந்துவிட்டு, காலரை மறுபடி மேலே இழுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வழக்கம் போலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினார். சாலையைக் கடக்கக் கால் வரவில்லை. எதிர்ப்பக்கம் மூடிக்கிடந்த ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது. போனை எடுத்து மெஷின் ஓட்டும் பெண்ணிடம் காய்ச்சல் என்றார். பிறகு ஆஸ்பத்திரியின் பக்கவாட்டுச் சுவரிலிருந்து எண்ணிப் பார்த்தார். சாலையையும் சேர்த்து அறுபது தப்படி. பெஞ்சில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தபடியே மத்தியானம் வரை இருந்தார்.

அவர் ஓடிப்போகவில்லை. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். பேட்ஜ் ஏறிப்போன ஆளைக் கயிற்றுக்கு வெளியே உட்கார வைப்பது தொழில் முறை. கொஞ்ச நாள் வெளியே இருந்துவிட்டு, உடம்பு இறங்கியதும் மறுபடி உள்ளே போகலாம். கழுத்து மட்டும் கறுக்காமல் இருந்தால் போதும்.

“இன்னிக்கு எத்தனையாவது?” என்றார் மனைவி, பேனாவை எடுத்தபடி.

“பதினேழு.”

புதன்கிழமை பதினெட்டு என்றார். ஒவ்வொரு கோட்டையும் மனைவி அழுத்திப் போட்டார். அந்தப் பேனாச் சத்தம் கேட்கும்போது இவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

வியாழக்கிழமை காலை வீட்டு போன் மணியடித்தது.

“ஐயாவுக்குக் காய்ச்சல் எப்படிம்மா இருக்கு? மூணாவது நாளாச்சே, டாக்டர் கேக்கச் சொன்னாங்க,” என்றாள் மெஷின் ஓட்டும் பெண்.

“காய்ச்சலா? அவரு அங்கதானே இருக்காரு?” என்றார் மனைவி. மகளைக் கூப்பிட்டார்.

மகள் வேலை உடுப்போடு வந்தாள். ஆஸ்பத்திரிக்குள் தேடிவிட்டு வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்தாள். பிறகு சாலையைக் கடந்து வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“லீவு போட்டுட்டு வந்தியா பாப்பா?”

“காய்ச்சல் விட்டுடுச்சாப்பா?”

அவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“அம்மா ரெண்டு கோடு போட்டுட்டாங்க. ரெண்டும் பொய்க்கோடு.”

“கயிறு திரிக்கிறதுல நான் கெட்டிக்காரன்னு உங்கம்மாவுக்கு இவ்வளவு நாள் தெரியாதா,” என்றார். சிரிக்கப் போய் இருமலாக முடிந்தது.

மகள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். “அறுபதா?”

“அறுபது.”

அவர் கண்ணாடிக் கூட்டைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். “நீதான் அளவு பார்க்கிறவ. தப்பு இருந்தா சொல்லு.”

அவள் விரல் ஒவ்வொரு எண்ணின் கீழும் நகர்ந்தது. கடைசி எண்ணின் சைபர்களில் நின்றுவிட்டது. “கணக்கு சரிதான்பா,” என்றாள். குரல் இறங்கியிருந்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது. தப்பு என்று சொல்வாள் என்று மூன்று நாளாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

“கழுத்தைப் பாரு. எட்டோட விரல் இப்படித்தான் ஆச்சு. கொஞ்ச நாள் வெளிய உக்காந்தா இறங்கிடும்.”

“இறங்குமா?”

“தெரியல.”

“பார்க்காம சொல்லலாமாப்பா?”

அந்தக் கேள்வியை அவர் மற்றவர்களிடம் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பார். அவள் எழுந்து கையை நீட்டினாள். அறுபது தப்படியையும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

டாக்டரம்மா அட்டையைப் படித்தார். சிரிக்கவில்லை.

“கணக்கு சரி. ஆனா உங்க இருபது மில்லி முழு உடம்புக்கான அளவு. இந்த ரெண்டு கிரே உடம்பு முழுக்க விழுந்தா நீங்க பயப்படுறது நியாயம். நாங்க தொண்டைக் கட்டியிலயும் கழுத்துல நெறி கட்டின இடத்துலயும் மட்டும் விடுறோம். சுத்திச் சுத்தி வேற வேற பக்கத்துல இருந்து. எல்லாம் வந்து சேர்ற இடத்துலதான் அந்த அளவு.”

“தோல் சிவக்குதே. வேலையில ஒரு தடவை கதிர் பட்டு என் கூட்டாளி விரல் இப்படித்தான் சிவந்து கறுத்துச்சு.”

“சிவக்கும். உரியும். நல்ல செல்லுக்கும் அடி விழுது. அதனாலதான் ஒரேயடியா கொடுக்காம முப்பத்தஞ்சா பிரிச்சிருக்கோம். அடி வாங்கின நல்ல செல் அடுத்த நாளுக்குள்ள பெரும்பாலும் தன்னைத் தானே தைச்சுக்கும். புத்துக்கு அந்தத் திறமை கம்மி. உங்க கூட்டாளி விரல்ல விழுந்தது ஒரே தடவையில, எவ்வளவுன்னே தெரியாம.”

அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. “அப்போ மூணு நாள் ஓய்வு கொடுத்ததுல தப்பில்லையே?”

டாக்டரம்மா அட்டையை மேசையில் வைத்தார். “கட்டியில பாதி செத்திருக்கு. மிச்சம் இருக்கிறது சும்மா இருக்காது. அடி நின்னா முன்னைவிட வேகமா பெருகும். அதனாலதான் நாள் விடாதீங்கன்னு சொல்றோம். அந்த மூணு நாள் ஓய்வு உங்களுக்குக் கிடைக்கல. அதுக்குக் கிடைச்சுது.”

இதுவரை பயம் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது. அறுபது தப்படி தள்ளி உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. இப்போது கையைத் தூக்கித் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அது அவரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறது. கயிறு கட்ட இடமே இல்லை.

“ஈடு கட்ட முடியுமா?” என்று மகள்தான் கேட்டாள்.

“இந்தச் சனிக்கிழமை ஒண்ணு கொடுக்கலாம். அடுத்த ரெண்டு வெள்ளிக்கிழமையும் காலையில ஒண்ணு, ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. கடைசி நாள் மாறாம முடிஞ்சிடும்.”

“முழுசா ஈடாயிடுமா?” என்றார் கயிறு.

“முழுசான்னு நான் சொல்ல மாட்டேன்.”

அந்தப் பதில் அவருக்குக் குளிர் ஜுரம் போல இருந்தது. ஆனாலும் பார்க்காமல் சொல்லாத ஆள் என்று அந்த அம்மாள் மேல் மதிப்பு வந்தது. அதனால்தான் சொல்லத் துணிந்தார்.

“முகமூடியை மாட்டிட்டா எனக்கு ஒண்ணும் தெரியல டாக்டரம்மா. கதிர் நின்னுச்சா இல்லையான்னு தெரியாம படுத்திருக்கேன். அதுதான் உயிர் போகுது.” எட்டின் கதையை முழுசாகச் சொன்னார். கைப்பிடி நின்றது, மீட்டர் காலடியில் கிடந்தது, தான் சொன்னது, எல்லாம். மகள் அதுவரை கொக்கி தேய்ந்த கதையைத்தான் கேட்டிருந்தாள். அவள் அவரைப் பார்க்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யார் பார்த்துச் சொன்னா நம்புவீங்க?” என்றார் டாக்டரம்மா.

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை காலை, மெஷின் ஓட்டும் பெண் மகளைத் தன் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைத்தாள். “விதிப்படி இங்க யாரும் நிக்கக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காங்க, அதனால விடுறேன். ஐயா, இதுல உங்க மெஷின் மாதிரி சோர்ஸே கிடையாது. கரண்டு இருந்தாதான் கதிர். நின்னா நின்னதுதான். உள்ள போறதுக்கு ஒண்ணுமே இல்ல.”

“தெரியும்மா,” என்றார் கயிறு. “இருந்தாலும் சொல்லணும்.”

முகமூடி பூட்டினார்கள். மூன்று நாளில் முகம் சற்று வீங்கியிருந்ததோ என்னவோ, இறுக்கமாக இருந்தது. காலடிகள் போயின. கதவு மூடியது. மணி ஒலித்தது. கால்கள் பட்டைக்குள் துடித்தன. ரப்பர் உருண்டை கையில் இருந்தது. அமுக்கவில்லை. எண்ணினார். இருநூறு வரை எண்ணியதும் எண்கள் குழம்பின. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். வாயில் உலோகச் சுவை மாதிரி ஏதோ வந்தது. இந்த நொடி உள்ளே எது செத்துக்கொண்டிருக்கிறது, எது தைத்துக்கொண்டிருக்கிறது, எது பெருகிக்கொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. பெருகுவதுதான் மூன்றிலும் பெரிதாகத் தோன்றியது.

கூரையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

“உள்ள போயிடுச்சுப்பா.”

மகளின் குரல். அவள் எதையும் பார்க்காமல் சொல்கிறவள் இல்லை. அவருக்கு மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் துளைகள் தவிர எதுவும் தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, தன் கண்ணால் பார்க்காத ஒன்றுக்குப் பல்லைக் கடித்தபடி பதில் சொன்னார்.

“பார்த்தாச்சு.”

அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் காலைக்கும் மாலைக்கும் நடுவே இருந்த ஆறு மணி நேரத்தை ஆஸ்பத்திரிக் கூடத்திலேயே கழித்தார். மகள் வர முடியாத நாட்களில் மெஷின் ஓட்டும் பெண்ணே அந்த இரண்டு சொல்லையும் சொன்னாள். கழுத்து உரிந்தது. தொண்டை புண்ணாகி எச்சில் விழுங்குவதே வேலையானது. மனைவி எல்லாவற்றையும் கூழாக அரைத்துக் கொடுத்துவிட்டு, அவர் விழுங்கும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். “பொய் சொன்ன வாய்க்கு இதான் தண்டனை. குடிங்க,” என்பார். இரண்டு பொய்க் கோடுகளையும் அழிக்காமல் அவற்றைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார்.

இருபத்தாறாவது முறைக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. அன்று, “உள்ள போயிடுச்சு,” என்ற குரலுக்குப் பதில் வரவில்லை. மகள் மறுபடி சொன்னாள். கேமராத் திரையில் அவர் வலது கை மட்டும் அசைந்து மேசையை இரண்டு முறை தட்டியது.

கடைசி வாரத்தில் எட்டு பார்க்க வந்தான். காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தான். தன் கையை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான்.

“எனக்கு இதைவிட நல்ல கலர் வந்துச்சு,” என்றான். “உனக்கு வாய்க்கல, கயிறு.”

இவர் தலைமாட்டில் இருந்த சிலேட்டை எடுத்தார். நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். வலிச்சுதா?

எட்டு அதை இரண்டு முறை படித்தான்.

“பத்தொன்பது வருஷம் ஆச்சு இதைக் கேக்க,” என்றான். “வலிச்சுது. இப்பதான் உனக்கே தெரியுமே.” பிறகு சிலேட்டை வாங்கித் தன் முழங்கையால் துடைத்து வைத்தான்.

முப்பத்தைந்தும் முடிந்தது. பன்னிரண்டு வாரம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டை சுத்தமாக இருந்தது. குரல் திரும்பியது, எண்ணெய் போடாத கீல் மாதிரி. வேலைக்குப் போனார். வெளியே படம் எடுக்க அனுப்பவில்லை. இருட்டறையில் உட்கார்ந்து பிலிம் பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கு முந்தின வாரமும் சாப்பாடு இறங்காது. ஒவ்வொரு விழுங்கலிலும் ஏதாவது தட்டுகிறதா என்று கவனிப்பார். பேருந்து ஜெராக்ஸ் கடையைத் தாண்டும்போது மறுபக்கம் பார்ப்பார். அந்த மூன்று நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அவர் மட்டும் அதைத் தொண்டைக்குள் வைத்திருந்தார்.

பதினான்காவது மாதம் ஒரு வறட்டு இருமல் வந்தது.

டாக்டரம்மா மார்புப் படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். மகள் அருகில் நின்றிருந்தாள். அவர் நாற்காலியில் இருந்தார். படத்தைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண் ஒரு இடத்தில் நின்றது, இன்னொரு இடத்துக்குப் போனது, அங்கேயும் நின்றது.

“சொல்லு பாப்பா,” என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

“தொண்டை சுத்தமாதான் இருக்கு,” என்றார் டாக்டரம்மா. “இது நுரையீரல்ல.”

“அந்த மூணு நாளாலயா?”

“தெரியல. இருக்கலாம். அது முன்னாடியே போயிருக்கவும் கூடும். யாராலயும் பார்த்துச் சொல்ல முடியாது.”

அவர் தலையசைத்தார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுந்து விளக்குப் பெட்டியின் அருகே போனார். வெல்டிங் பிலிமில் உள்ளே ஓட்டை இருந்தால் கறுப்பாக விழும். இங்கே எல்லாம் தலைகீழ். வெள்ளையாக, வட்டமாக, மூன்று. வேலையில் பார்ப்பது போலவே மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, அவசரப்படாமல் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நின்றார். ஓரத்தில் ஒட்டியிருந்த தன் பெயரைக்கூடப் படித்தார்.

பின்னால் மகள் மூச்சு விடுவது கேட்டது. அவள் சொல்ல வேண்டியதற்கு அவர் காத்திருக்கவில்லை.

“பார்த்தாச்சு,” என்றார்.